பதினோரு அட்டைகள்

பாலோ,
2.3.2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

அண்ணி எழுதுகிறேன். நான் சுகம். மகள் லோஷினி சிங்கப்பூரில் சுகம், சனிக்கிழமையானால் அழுக்குத் துணியோடு வந்து சேர்ந்துவிடுகிறாள். என் முட்டி மட்டும் சுகமில்லை. நீ பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். சிரி. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. உன் அண்ணன் காரியத்தன்று கோர்ட் இருக்கிறது என்று நீ பாதியில் கிளம்பிப் போனதை நானும் மறக்கவில்லை, நான் பேசியதை நீயும் மறக்கவில்லை. நாலு வருஷம் போதும். தாளில் கத்த முடியாது, அதனால் எழுதுகிறேன்.

வேலைக்குப் போய்வருகிறேன். வீரமுத்து அண்ணன்தான் இன்னும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். முட்டிக்காக முதல் சீட்டை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு தொல்லை. குளுவாங் வந்து கம்பெனி கேட்டில் லாரி வரிசை நின்றால் பஸ் உள்ளே போக முடியாது. அப்போது பின்னாலிருந்து எல்லாருடைய வருகை அட்டையும் கைமாறி முன்சீட்டுக்கு வந்துவிடும். முன்னால் இருக்கிறவள் இறங்கி நடந்துபோய் மெஷினில் எல்லாவற்றையும் தட்ட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வழக்கம். இப்போது இந்த நொண்டிதான் தபால்காரி.

உன்னுடைய போட்டோ ஒன்று பார்த்தேன். மெலிந்துவிட்டாய். கம்பெனியில் என்னோடு இருக்கிற மலர் கேட்கிறாள், "ஒங்க நாத்தனார் எந்தப் பக்கத்து வக்கீல் கா?" என்று. உன் அண்ணன் சொன்னதையே சொன்னேன். "தொழிலாளிக்குப் பேசற வக்கீல்லா அவ." சரிதானே?

பதில் எழுது.

உன் அண்ணி,
செல்வராணி


ஜொகூர் பாரு,
16.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். மாத்திரை தவறாமல் சாப்பிடுகிறேன். முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்தீர்களா? தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் கையெழுத்தை உறையில் பார்த்ததும் லிப்டிலேயே பிரித்துவிட்டேன். பதினாலாவது மாடி வந்ததும் தெரியவில்லை, மறுபடி கீழே போய் மேலே வந்தேன். எனக்குக் கடிதம் என்று வருவதெல்லாம் அலுவலகத்துக்கு வருவதுதான்.

இங்கே ஒரு குறையும் இல்லை. ஜன்னலில் தண்ணீர் தெரியும், அந்தப் பக்கம் சிங்கப்பூர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கடையில் மீ கோரெங் வாங்குவேன். கடைக்காரர் எப்போதும் இரண்டு முள்கரண்டி வைப்பார். ஒருத்திதான் என்று சிலமுறை சொல்லிப் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். மேசை இழுப்பறை முழுக்க முள்கரண்டி.

நீங்கள் பார்த்த போட்டோ எது என்று தெரியவில்லை. வேலை வழக்கம்போலத்தான். வேலையிடத் தகராறுகள். ஒரு வழக்கென்றால் இரண்டு பக்கமும் ஆள் வேண்டும், அவ்வளவுதான். மலரிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

காரியத்தன்று நான் போயிருக்கக் கூடாது. அதை மட்டும் எழுத நினைத்தேன்.

அன்புடன்,
ஷர்மினி


பாலோ,
17.4.2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ சுகமாக இரு.

போன வெள்ளிக்கிழமை வழியில், எண்ணெய் ஆலைக்குப் போன செம்பனைக் குலை லாரி ஒன்று சாய்ந்துவிட்டது. பஸ் கேட்டுக்கு வந்தபோது ஏழு மணிக்கு மூன்று நிமிஷம். முன்னால் எட்டு லாரி. வழக்கம்போல அட்டைகள் வந்தன. என்னுடையதோடு சேர்த்துப் பதினொன்று. இறங்கிப்போய்த் தட்டினேன். மற்றவர்கள் ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே வந்தார்கள். கேமராவில் எல்லாம் இருக்கிறதாம்.

திங்கட்கிழமை எனக்கு ஷோ காஸ் லெட்டர் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் விளக்கம் தர வேண்டுமாம். பதினோரு பேருக்கும் அல்ல, எனக்கு மட்டும். அட்டை கொடுத்தது குற்றமில்லை, தட்டியதுதான் குற்றமாம். இந்தக் கடிதத்தோடு அதன் நகல் வைத்திருக்கிறேன். இங்கிலீஷில் இருக்கிறது, லோஷினி படித்துச் சொன்னாள். எழுதினவர் ரொம்பப் படித்தவராக இருக்க வேண்டும். ஒரு இடத்தில்கூடக் கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை.

விளக்கம் கொடுத்துவிட்டேன். மலர் தெரியாது என்று சொல்லச் சொன்னாள். எனக்கு வரவில்லை. இரண்டே வரி எழுதினேன்: "ஆமாம், பதினோரு அட்டையையும் நான்தான் தட்டினேன். பஸ் தாமதம்." அது கம்பெனி பஸ் ஷர்மினி. என் பஸ்ஸா?

நான் எழுதியது சரியா தப்பா? சீக்கிரம் எழுது.

அண்ணி,
செல்வராணி


ஜொகூர் பாரு,
30.4.2025

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். கோலாலம்பூரில் தொடர்ச்சியாக வேலை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

நகல் பார்த்தேன். உண்மையைச் சொன்னதில் தவறில்லை. உள்விசாரணை வைப்பார்கள். நிதானமாகப் பேசுங்கள்.

முட்டிக்கு ஒரு பட்டை வாங்கி அனுப்பியிருக்கிறேன். நடக்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஷர்மினி


பாலோ,
4.5.2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

முட்டிப்பட்டை வந்தது. அளவு சரி. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நடக்க இனி இடமில்லை. மே இரண்டாம் தேதி என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

விசாரணை போன மாதம் இருபத்து நாலாம் தேதியே முடிந்துவிட்டது. உன் கடிதம் நிதானமாகப் பேசச் சொல்லி வந்தபோது நான் பேசி முடித்து ஒரு வாரம். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். தாளை நீட்டி, "இது உங்க கையெழுத்துதானே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அவ்வளவுதான் விசாரணை. பஸ்ஸைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. வீரமுத்து அண்ணன் சாட்சி சொல்ல வெளியே காத்திருந்தார், கூப்பிடவே இல்லை. கடைசியில் எச்.ஆர். மேனேஜர் கதவுவரை வந்தார். "அம்மா, நீங்க நல்ல வேலையாள்தான். ஆனா ரூல் ரூல்தான் லா." நல்ல மனுஷன். கண் கலங்கித்தான் சொன்னார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

இருபது வருஷ சர்வீஸ் தாண்டினவர்களில் இந்த வருஷம் வேலை போன நாலாவது ஆள் நான். அதையும் கேட்க ஆளில்லை.

நேராகக் கேட்கிறேன். இனி நான் எங்கே போக வேண்டும்? யாரிடம் மனு கொடுக்க வேண்டும்? இத்தனை நாளுக்குள் என்று கணக்கு உண்டு என்கிறாள் மலர். எத்தனை நாள்? நீ இதே வேலையில்தானே இருபத்தோரு வருஷமாக இருக்கிறாய்? ஒரு வரி எழுதினால் போதும்.

அண்ணி,
செல்வராணி


ஜொகூர் பாரு,
11.5.2025
(தபாலில் சேர்க்காதது)

அண்ணி,

அறுபது நாள். நீக்கிய தேதியிலிருந்து அறுபது நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். ஒரு பாரத்தை நிரப்பினால் போதும், வக்கீல் தேவையில்லை. உங்களுக்கு அது ஜூலை ஒன்றாம் தேதி முடிகிறது. இரண்டாம் தேதி போனால் யார் நினைத்தாலும் உள்ளே விடமாட்டார்கள். எத்தனையோ பேர் அப்படித் தேதி தவறி வந்திருக்கிறார்கள். அந்த வழக்குகளில் நான் வாயைத் திறக்கவே தேவையிருக்காது. காலண்டரைக் காட்டினால் போதும்.

உங்கள் கம்பெனியின் வக்கீல் நான்தான்.

அந்த ஷோ காஸ் லெட்டர் என்னுடையது. ஏப்ரலில் வேலையாள் எண்ணை மட்டும் போட்டுக் கேட்டார்கள், மாதிரிக் கடிதத்தை அனுப்பினேன். நீங்கள் நகல் அனுப்பியபோது என் வாக்கியங்கள் என்னிடமே திரும்பி வந்தன. கோபமில்லாமல் எழுதுவதற்குத்தான் எனக்குப் பேர். அப்போதாவது விலகியிருக்கலாம். ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி விசாரணைக் கோப்பு உங்கள் பெயரோடு வந்தது. நீக்கலாமா என்று கேட்டார்கள். "சட்டப்படி இடமுண்டு" என்று பதில் அனுப்பினேன். உறவு என்று சொல்லியிருந்தால் இரண்டு கேள்வி கேட்டிருப்பார்கள். அதற்குச் சோம்பல்பட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். மறுநாள் உட்கார்ந்து, ஒன்றும் தெரியாதவள்போல விசாரணை வைப்பார்கள் என்றும் முட்டிப்பட்டையைப் பற்றியும் உங்களுக்கு எழுதினேன்.

அண்ணன் ஒரு கல்யாண வீட்டில் என் தோளைப் பிடித்து நிறுத்தி, "என் தங்கச்சி தொழிலாளிக்குப் பேசற வக்கீல்" என்று எல்லாரிடமும் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து சொல்ல நேரமே வரவில்லை. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழை இலைக் கடை இருக்கிறது. அங்கே நான் சாப்பிடப் போவதில்லை, நான் தோற்கடித்தவர்கள் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். சாட்சியைக் கேள்வி கேட்கும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது, தாளை மட்டும் பார்க்க வேண்டும் என்று சின்ன வக்கீல்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். ஒருமுறை ஒரு துப்புரவுத் தொழிலாளியை இரண்டு மணி நேரம் கேட்டுக் கேட்டு அழவைத்தேன். வெளியே வந்ததும் அந்த அம்மா, "சாப்டியா மா? மொகம் வாடியிருக்கு" என்றார். நான் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இதை அனுப்பினால் கட்சிக்காரனுக்குத் துரோகம். அனுப்பாவிட்டால் என்னவென்று எனக்கே தெரியும். இந்த நாட்டில் என் கையெழுத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஒரே ஆள் நீங்கள்தான். இதைப் படித்தபின் எனக்கு எழுதமாட்டீர்கள். அதுதான் பயம். சட்டமெல்லாம் சாக்கு.


ஜொகூர் பாரு,
25.5.2025

அன்புள்ள அண்ணிக்கு,

செய்தி அறிந்து மிகவும் வருந்தினேன். இரண்டு வாரமாகக் காய்ச்சல், அதனால் உடனே எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

இத்தனை வருஷம் உழைத்துவிட்டீர்கள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்கள். முட்டிக்கும் நல்லது. மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். லோஷினிக்கு என் அன்பு.

அன்புடன்,
ஷர்மினி


பாலோ,
8.6.2025

அன்புள்ள ஷர்மினிக்கு,

காய்ச்சல் விட்டதா? கஞ்சி வைத்துத் தர ஆளில்லாமல் எப்படிச் சமாளித்தாய்? சொல்லியிருந்தால் பஸ் ஏறி வந்திருப்பேன். சும்மாதானே இருக்கிறேன்.

ஓய்வெடுக்கச் சொன்னாய். எடுக்கிறேன். காலையில் நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வேலைச் சட்டையைத் தேய்த்துவிட்டு, பிறகு நினைவு வந்து மடித்து வைக்கிறேன். ஐந்தே முக்காலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பு வாசலைத் தாண்டும். வீரமுத்து அண்ணன் எனக்காக ஒரு ஹார்ன் அடிப்பார். போன வாரம் ஆள் அனுப்பிச் சொன்னேன், "அலமாக், அடிக்காதீங்க ணே, தாங்கல" என்று. அவர் நிறுத்திவிட்டார். நிறுத்தியது அதைவிட மோசமாக இருக்கிறது. முன்சீட்டில் யாரும் உட்காருவதில்லையாம். உட்கார்ந்தால் அட்டை வரும் என்று பயம்.

நான் போன கடிதத்தில் ஒன்று கேட்டேன். காய்ச்சலில் மறந்திருப்பாய். மறுபடி கேட்கிறேன். மனு கொடுக்க எத்தனை நாள்?

ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்றாவது எழுது. உன் பதிலுக்காகத்தான் காத்திருக்கிறேன். தபால்காரர் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்துவிடுகிறேன், முட்டி வலியோடு.

அண்ணி,
செல்வராணி


ஜொகூர் பாரு,
26.6.2025

அன்புள்ள அண்ணிக்கு,

இதை அவசரமாக எழுதுகிறேன். நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஜூலை ஒன்றாம் தேதிக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அறுபது நாள்தான் அவகாசம். உடனே லோஷினியை அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் கம்பெனிக்கு ஆலோசனை சொல்வது எங்கள் அலுவலகம்தான். அதனால்தான் முன்பே எழுத முடியாமல் போயிற்று. என் நிலைமையைப் புரிந்துகொள்வீர்கள்.

நாளை அவால் முஹர்ரம் விடுமுறை, அடுத்துச் சனி ஞாயிறு. தபால் சற்றுத் தாமதமாகலாம். தேதிக்குள் வந்து சேர்ந்துவிடும் என்று நம்புகிறேன்.

அன்புடன்,
ஷர்மினி


பாலோ,
6.7.2025

ஷர்மினி,

நான் சுகம். உன் கடிதம் வெள்ளிக்கிழமை, ஜூலை நாலாம் தேதி வந்தது.

முதலில் உன் வயிற்றில் பாலை வார்த்துவிடுகிறேன். மனு கொடுத்தாகிவிட்டது. எந்தத் தேதியில் தெரியுமா? நீ கடிதத்தில் போட்டிருக்கிற அதே இருபத்தாறாம் தேதி. மலர் லீவு போட்டுவிட்டு என்னோடு ஜொகூர் பாருவுக்கு வந்தாள். அறுபது நாள் என்பது மே மாதமே எனக்குத் தெரியும். வீரமுத்து அண்ணனின் தம்பி யூனியனில் இருந்தவர், அவர் சொன்னார். "நாளைக்கே போலாம்" என்று மலர் குதித்தாள். நான்தான், "இரு மலர், எங்க நாத்தனார் எழுதுவா" என்று அவளை ஒன்றரை மாதம் நிறுத்தி வைத்தேன். மறுநாளிலிருந்து விடுமுறை என்பதால் இனித் தாங்காது என்று அவள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். உன் ஆபீஸ் இருக்கிற தெரு வழியாகத்தான் நடந்தோம். ஏறி வந்து உன்னைப் பார்த்திருக்கலாம். முட்டி விடவில்லை என்று மலரிடம் பொய் சொன்னேன்.

நீ கம்பெனி வக்கீல் என்பதும் எனக்குத் தெரியும். மூன்று வருஷமாகத் தெரியும். எச்.ஆர். ஆட்களுக்குப் பாடம் நடத்த நீ வந்தபோது எடுத்த போட்டோ கேன்டீன் நோட்டீஸ் போர்டில்தான் இருக்கிறது. என் நாத்தனார் என்று கத்திச் சொல்ல வாய் வந்தது. கீழே பெயரையும் வேலையையும் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மலரிடம்கூடச் சொல்லவில்லை. உன் அண்ணனுக்குத் தெரியாமல் போனதே, அது மட்டும் நல்லது.

கம்பெனிக்கு வக்கீலாக இருப்பது பாவம் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்கும் ஆள் வேண்டும். "அண்ணி, நான் அந்தப் பக்கம், என்னால் எழுத முடியாது, வேறு ஆளைப் பாருங்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் உன்னைத் தலையில் தூக்கி வைத்திருப்பேன். அந்த ஒரு வரியைத்தான் மாதக்கணக்கில் மாற்றி மாற்றிக் கேட்டேன்.

இப்போது உறையைப் பார்த்தேன். கடிதத்தில் தேதி ஜூன் 26. தபால் முத்திரை ஜூலை 2. விடுமுறையாம், தாமதமாம். வியாழக்கிழமை சாயங்காலம் பெட்டியில் போட்டிருந்தாலும் திங்கட்கிழமை முத்திரை விழுந்திருக்கும். எல்லாம் முடிந்த மறுநாள் போட்டிருக்கிறாய், ஷர்மினி. போட்டுவிட்டு, முன்பே வந்த மாதிரி தேதியைத் தட்டியிருக்கிறாய்.

நான் பத்துப் பேருக்காகத் தட்டினேன். பத்துப் பேரும் கேட்டுக்கு வெளியே பஸ்ஸில் இருந்தார்கள். நீ யாருக்காகத் தட்டினாய்?

எனக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை. இரண்டும் சேர்ந்து வருகிறது. வழக்கு வந்தால் நீயே வா. வந்து, என் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேள்.

உனக்கும் நாற்பத்தெட்டு மணி நேரம். விளக்கம் எழுது.

செல்வராணி


ஜொகூர் பாரு,
9.7.2025
புதன், பிற்பகல் 3.10

அண்ணி,

உங்கள் கடிதம் இன்று மதியம் வந்தது. இதைத் தபால் அலுவலகத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். எழுதி முடித்ததும் கௌன்டரில் கொடுத்து, என் கண்ணெதிரில் முத்திரை குத்தச் சொல்வேன்.

காய்ச்சல் வரவில்லை. கோலாலம்பூருக்கும் போகவில்லை.

ஜூலை ஒன்றாம் தேதி சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து மணிக்கு இலாகா மூடும். ஐந்து அடித்தது. அதற்குப் பிறகுதான் தாளை எடுத்தேன். வழக்கும் வராது, நான் சொல்லாமல் விட்டதாகவும் இருக்காது, நீங்களும் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று கணக்குப் போட்டேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள். அந்த வரியை இங்கே மறுபடி படித்தபோது கௌன்டர் வரிசையில் நின்று அழுதுவிட்டேன். முன்னால் நின்ற மலாய்க்கார அம்மா டிஷ்யூ கொடுத்தார்.

இங்கே வரும் வழியில் அலுவலகத்துக்குப் போய் உங்கள் கோப்பை என் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டேன். ஏன் என்று கேட்டார். உறவு என்றேன். இருபத்தோரு வருஷத்தில் அந்த வார்த்தையை அந்த அலுவலகத்தில் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் கெட்டிக்காரர். கையெழுத்து உங்களுடையதா என்று கேட்பார். ஆமாம் என்று சொல்லிவிட்டு, அவர் கேட்காவிட்டாலும் பஸ்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். வீரமுத்து அண்ணனைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். இதை எழுதியதற்காக என் மீது நடவடிக்கை எடுக்கலாம். எடுக்கட்டும்.

நீங்கள் இனி எழுதமாட்டீர்கள் என்று தெரியும். ஆனாலும் லிப்டில் ஏறுமுன் பெட்டியைத் திறந்து பார்ப்பேன்.

விளக்கம் கேட்டீர்கள். உங்களைப்போல இரண்டே வரி.

ஆமாம், அந்தத் தேதியை நான்தான் போட்டேன். எனக்குப் பஸ் எதுவும் தாமதமாகவில்லை.

ஷர்மினி